செவிலி காத்த செங்கோல்

அரச வமிசங்களின் கொடிவழியை எழுதுவோர் தந்தை, மைந்தன், பேரன் என ஆடவர் பெயர்களையே அடுக்கிச் செல்வர். அக்கொடி அறுந்துவிடும் தறுவாயில் அதனைத் தாங்கிப் பிடித்த கை யாருடையது என்பதை எழுத மறந்துவிடுவர். பிரான்சை ஆண்ட பூர்போன் வமிசத்தின் கதையில் அத்தகைய கை ஒன்று உண்டு.

பதினான்காம் லூயி மன்னன் 1643ஆம் ஆண்டு தொடக்கம் 72 ஆண்டுகள் அரசு வீற்றிருந்தவன். மைந்தனும், பேரரும், பேரனின் பிள்ளைகளும் சூழ வாழ்ந்த அவனுக்கு, வாரிசுக்குக் குறைவு நேரும் என எவர்தாம் எண்ணியிருப்பர்?

ஆயினும் 1711 ஏப்ரலிற் பட்டத்து இளவரசனான மைந்தன் பெரியம்மைக்கு இரையானான். பட்டம் பேரனாகிய பர்கண்டிக் கோமகனைச் சேர்ந்தது. மறு ஆண்டு பெப்ரவரியில், வேர்சேய் அரண்மனையிற் சின்னமுத்து புகுந்தது. 12ஆந் திகதி கோமகனின் மனைவி மறைந்தாள்; ஆறு நாட்களிற் கோமகனும் மறைந்தான். அவர்களுடைய பிள்ளைகள் இருவரையும் அந்நோய் பற்றிக்கொண்டது. மூத்தவனுக்கு வயது 5, இளையவனுக்கு 2.

வைத்தியர் கூட்டம் மூத்தவனைச் சூழ்ந்தது. இரத்தத்தை வடித்தால் நோய் தணியும் என்பது அக்கால மேலைநாட்டு வைத்தியரின் கொள்கை. அவ்வாறே வடித்தனர். மார்ச் 8ஆந் திகதி அக்குழந்தை கண்மூடியது.

எஞ்சியவன் இளையவன் ஒருவனே. அவனும் மாண்டிருப்பின், முடியுரிமை அவனுடைய சிறிய தந்தைக்குச் சென்றிருக்கும். அவனோ அப்பொழுது ஸ்பெயின் நாட்டு மன்னன்! அவ்விரு முடிகளும் ஒரே தலையில் ஏறலாகாது என்பதற்காகவே ஐரோப்பிய அரசுகள் பத்தாண்டுகளுக்கு மேலாகப் போரிட்டுக்கொண்டிருந்தன. ஒரு தொட்டிற் குழந்தையின் மூச்சிலே பல நாடுகளின் அமைதி தங்கியிருந்தது.

அரச குழந்தைகளின் செவிலித்தாயாக விளங்கியவர் வாந்தடூர்ச் சீமாட்டி. அறுபதை அணுகிய பிரபு குல மாது. மூத்தவனுக்கு நேர்ந்ததைக் கண்ணாரக் கண்ட அவர், இளையவனை வைத்தியரிடம் ஒப்புவிக்க மறுத்தார். தம் பணிப்பெண்களின் துணையுடன் குழந்தையைத் தம்மிடமே வைத்துக் கதகதப்பாகப் போர்த்திப் பேணினார். வைத்தியர் கையிற் குழந்தை இறந்தால் அது விதி எனப்படும். தம் கையில் இறந்தால் அது தீராப் பழியாகும். இதனை அவர் அறியாதவரல்லர். அறிந்தும் துணிந்தார். குழந்தை பிழைத்தது.

இரத்தம் வடித்தமையாலேதான் மூத்தவன் இறந்தான் என இன்று அறுதியிட்டுக் கூறுதல் அரிது. எனினும், நோயால் வாடிய பாலகனுக்கு அச்சிகிச்சை நன்மை செய்யாது என்பதை இன்றைய மருத்துவம் ஐயமின்றிக் கூறும். அக்கால வைத்தியர் கொடியவரல்லர். தாம் கற்றதைச் செய்தனர். அம்மாதோ தாம் கண்டதை நம்பினார்.

1715இல் முதிய மன்னன் மரணப் படுக்கையிற் கிடந்தபொழுது, ஐந்து வயதுச் சிறுவனை அருகழைத்து, அச்சீமாட்டிக்குப் பட்ட கடனை மறவாதே எனப் புத்தி கூறினான். பதினைந்தாம் லூயியாக முடிபுனைந்த அச்சிறுவன் அவரை 'அம்மா' என்றே அழைத்து வந்தான். அரச மரபின்படி, 1717இல், ஏழாம் வயதில், ஆடவரான ஆசான் ஒருவரிடம் ஒப்புவிக்கப்பட்டபொழுது, அவரைப் பிரிய மனமின்றி அழுதான். பின்னாளில் ஆண்ட பதினாறாம் லூயி, பதினெட்டாம் லூயி, பத்தாம் சார்ல்ஸ் ஆகிய மூவரும் அவனுடைய பேரர்களே.

இன்னுமொரு செய்தி. வாந்தடூர்ச் சீமாட்டிக்கு முன்னர் அப்பதவியை வகித்தவர் அவருடைய அன்னை. அவருக்குப் பின்னர் வகித்தவர் அவருடைய பேர்த்தி. அரியணை தந்தைவழி செல்ல, தொட்டில் தாய்வழி சென்றது!

இலண்டனில் வாலஸ் ஓவியக் கூடத்தில் ஒரு சித்திரம் உண்டு. முதிய மன்னன் நடுவே வீற்றிருக்கிறான்; மைந்தனும் பேரனும் அருகே நிற்கின்றனர். ஓரத்தில், நடை பழகும் குழந்தை ஒன்றின் இடுப்பு நாடாவைப் பற்றியபடி அச்செவிலித்தாய் நிற்கின்றார். காண்போர் கண் முதலில் மன்னனையே நாடும். இக்கதையை அறிந்தவரோ, அந்த நாடாவைப் பற்றிய கையையே நெடுநேரம் நோக்குவர்.