தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

“அது அவர்கள் வழக்கம், சரி, தவறு என்று சொல்ல நாம் யார்?” வகுப்பில் ஒழுக்கவியல் விவாதம் சூடுபிடிக்கும் போதெல்லாம் நம்மில் ஒருவர் இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். பெருந்தன்மையான பேச்சு என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். இங்கிலாந்தின் தத்துவப் பேராசிரியை மேரி மிட்ஜ்லி அம்மையாரின் கட்டுரை ஒன்றைப் படித்த பிறகு அப்படி எண்ண முடியவில்லை.

புதிய வாளின் கூர்மையை, வழியில் வரும் யாரோ ஒருவனை வெட்டிச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே பழைய ஜப்பானிய மொழியில் ஒரு சொல் உண்டாம். 1981-இல் வெளிவந்த ‘ஹார்ட் அண்ட் மைண்ட்’ நூலில் அம்மையார் இதை எடுத்துக்கொண்டு கேட்கிறார்: பிற சமூகத்தைக் குறைகூற நமக்கு அருகதை இல்லையென்றால், புகழ மட்டும் அது எங்கிருந்து வந்தது? அவர்கள் நம்மைக் குறைகூறலாமா? பிறரை எடைபோட மறுப்பவன் தன்னை எதைக்கொண்டு எடைபோடுவான்? இவற்றோடு நான் ஒன்று சேர்ப்பேன்: ‘அவர்கள் வழக்கம்’ என்கிறோமே, அந்த ‘அவர்களில்’ வெட்டுண்ட வழிப்போக்கனும் அடக்கமா?

இவ்வளவு எளிமையாக ஒரு பேராசிரியர் எழுதக் காரணம், அவர் நெடுங்காலம் எழுதாமல் இருந்ததுதான் என்பது என் கருத்து. 1919-இல் பிறந்து, ஆக்ஸ்போர்டு சாமர்வில் கல்லூரியில் ஐரிஸ் மர்டாக்கோடு பயின்றவர். மூன்று ஆண்மக்களை வளர்த்தவர். நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னவர். முதல் நூல் வெளிவந்தது 1978-இல், அறுபதை நெருங்கும் வயதில்! அதற்கு முன் தம் கருத்து இன்னதென்று தமக்கே தெளிவாகவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று எண்ணும் இக்காலத்தில் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்குமா? ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

1980-இல் ஓய்வு பெற்றார், எழுத்து ஓயவில்லை. விலங்குகள், தீமை, அறிவியலின் மிகைக் கூற்றுகள் என்று நூல்கள் தொடர்ந்தன. தத்துவத்தை வீட்டுக் குழாய்களுக்கு ஒப்பிட்டார். தரைக்கடியில் கிடக்கும்வரை நினைப்பில்லை. ஒழுகி நாற்றமெடுத்தால்தான் தோண்டுகிறோம். அந்தப் பல்கலைக்கழகமோ 1980-களில் தத்துவத் துறையையே மூடிவிட்டது! தத்துவம் எதற்கு என்று கேட்கும் நூலை 2018-இல் வெளியிட்டு, அவ்வாண்டே 99-ஆம் வயதில் மறைந்தார்.

அடுத்த விவாதத்தில் நம் நண்பர் அதே வாசகத்தோடு எழுவார். உட்காரும் முன், அந்த வழிப்போக்கனைப் பற்றி அவரிடம் கேட்கப்போகிறேன்.