மூடினால் மறக்கலாமா?

மாலை 5 மணிக்குத் தருமகுளம் கடைத்தெருவில் நின்று பாருங்கள். மீன் கூடையைக் கட்டிக்கொண்டு சீர்காழிக்குப் பறக்கிற வண்டி. யூரியா மூட்டையோடு திருவெண்காடு திரும்புகிற வண்டி. பெண்டாட்டி பிள்ளைகளோடு பூம்புகார் கடற்கரைக்குப் போகிற வண்டி. எல்லாம் மோட்டார் சைக்கிள்தான்!

இன்றைக்குப் பெட்ரோல் என்ன விலை என்று கேளுங்கள். பைசா சுத்தமாகச் சொல்வார்கள். ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

"போன பொங்கலுக்கு மாத்துன மாதிரி ஞாபகம்..."

எந்தப் பொங்கல் என்று கேட்டால் பதில் வராது.

பழக்கம் அப்படி. ஒரு காலத்தில் ராஜ்தூத், எஸ்டி, மொபெட் எல்லாம் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றுவோம். அது எரிந்து புகையாகப் போய்விடும். பழைய ஆயில் என்ற பேச்சே இன்ஜினில் இல்லை. புல்லட்காரர்கள்தான் விதிவிலக்கு. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி.100 வந்தது. பெட்ரோல் போடு, மூடு, மறந்துவிடு என்று விளம்பரம் செய்தார்கள். அது பெட்ரோலுக்குச் சொன்னது. நம்ம ஆட்கள் ஆயிலையும் சேர்த்து மறந்துவிட்டார்கள்! 2015-ல் டி.வி.எஸ். எக்செல் வண்டியும் போர் ஸ்ட்ரோக்காக வந்துவிட்டது. இன்றைக்கும் அதில் பெட்ரோலோடு ஆயில் கலக்கணுமா என்று கேட்கிற பெரியவர்கள் உண்டு. கலக்கக் கூடாது, ஐயா!

போர் ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் இன்ஜினின் வயிற்றிலேயே கிடக்கிறது. மொத்தமே ஒரு லிட்டர் சொச்சம். நூறு சி.சி. வண்டிகள் பலவற்றில் அதற்கும் குறைவு. அந்தக் கொஞ்சம் ஆயில்தான் பிஸ்டனுக்கு வழவழப்புத் தருகிறது, சூட்டை இறக்குகிறது, கரியைச் சுமக்கிறது. கியரும் கிளட்சும் முழுகிக் கிடப்பதும் அதே ஆயிலில்தான். காரில் அப்படி இல்லை. கியருக்குத் தனி ஆயில் உண்டு.

ஆகவே, கார் ஆயில் பைக்குக்கு ஆகாது. மைலேஜ் கூடட்டும் என்று சில கார் ஆயில்களில் வழுக்கல் மருந்து சேர்க்கிறார்கள். அது கிளட்ச் தட்டில் பட்டால் கிளட்ச் பிடிக்காது. ஆக்சிலேட்டர் கத்தும், வண்டி நகராது! டப்பாவில் 'ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ.' என்று இருக்கிறதா என்று பாருங்கள். 'எம்.ஏ.2' என்றாலும் சரிதான். கியர் வண்டிக்கு அதுதான் அடையாளம். 'எம்.பி.' என்று இருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு.

நம்ம டெல்டாவில் இன்னொரு கூத்து உண்டு. "தம்பி, டிராக்டருக்கு வாங்குன ஆயில் அரை டப்பா கிடக்கு. அதையே ஊத்திடு" என்பார் மிராசுதார். மெக்கானிக் பையன் என்ன செய்வான்? ஊற்றிவிடுவான். டீசல் இன்ஜின் ஆயில் மோசமான சரக்கு அல்ல. ஆனால் அது வேறு வேலைக்குப் பிறந்தது. 10டபிள்யூ-30 கேட்கிற சின்ன இன்ஜினில் அதைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றினால் இன்ஜின் திணறும், பெட்ரோல் குடிக்கும். முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. நம்ம ஊரில் குளிர் ஏது? அதற்காக இஷ்டத்துக்கு எண்ணை மாற்ற வேண்டாம். வண்டியோடு கொடுத்த புத்தகம் பரணில்தான் கிடக்கும். எடுத்துப் பாருங்கள்.

எத்தனை கிலோ மீட்டருக்கு ஒரு தடவை? அதுவும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. வண்டிக்கு வண்டி வேறுபடும். 3,000 முதல் 6,000 வரை பல கம்பெனிகள் சொல்கின்றன. வண்டி ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றத்தான் வேண்டும். புழுதியிலும் உப்புக்காற்றிலும் பாரம் ஏற்றி ஓட்டுகிறவர்கள் கெடுவுக்கு முன்பே மாற்றுவது நல்லது. இடையில் அளவு பாருங்கள். பல வண்டிகளில் இப்படித்தான்: வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்துக் குச்சியைத் துடைத்து விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டப்பா ஆயில் சில நூறு ரூபாய். இன்ஜின் பிடித்துக்கொண்டால் பல ஆயிரம்! மீன் விற்கிற குடும்பத்துக்கு அது ஒரு சீசன் சம்பாத்தியம்.

டப்பா வாங்கும்போதும் உஷார். காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் சரக்கு மூட்டைகளுக்குப் புலி முத்திரை குத்தினார்கள் என்று பட்டினப்பாலை சொல்கிறது. முத்திரை இல்லாத சரக்கு அன்றைக்கே செல்லாது. நாமோ சீல் உடைந்த டப்பாவை வாங்கிக்கொண்டு வருகிறோம்! காலி டப்பாவை எடைக்குப் போடும்போது ஆணியால் ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள். போலி ஆயில்காரன் பிழைப்பில் மண் விழட்டும்.

அடுத்தது மழை. 2022 நவம்பர் 11-ந் தேதி இரவு கொட்டிய மழையை யார் மறப்பார்கள்? ஒரே நாளில் சீர்காழியில் சுமார் 44 சென்டி மீட்டர்! ஊரே வெள்ளக்காடு. அப்படித் தண்ணீரில் முழுகிய வண்டியை, தண்ணீர் வடிந்ததும் கிக்கரை மிதித்துப் பார்ப்பதுதான் நம்ம சுபாவம். அங்கேதான் வினை. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராடு வளையும். ஆயிலில் தண்ணீர் கலந்தால் பால் டீ நிறத்துக்கு வந்துவிடும். அதை வைத்து ஓட்டினால் பேரிங் போச்சு. முழுகிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றி, சில நிமிடம் ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி ஊற்ற வேண்டும். இரண்டு டப்பா செலவாகும். இன்ஜின் மிஞ்சும். அடுத்த வெள்ளத்தின்போது நிவாரண முகாமுக்குப் பக்கத்திலேயே மெக்கானிக் முகாமும் போட்டால் என்ன? கலெக்டர் யோசிக்க வேண்டும்.

வடித்த கறுப்பு ஆயில் எங்கே போகிறது? கொஞ்சம் சென்ட்ரிங் பலகைக்கு. கொஞ்சம் கரையான் மருந்தாக. மீதி கொசு சாகட்டும் என்று சாக்கடைக்கு. சாக்கடை வாய்க்காலுக்கு, வாய்க்கால் வயலுக்கு, கடைசியில் கடலுக்கு! 2016-ம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. ஆயில் கம்பெனிகளே பழைய ஆயில் மறுசுழற்சிக்குப் பொறுப்பு என்று 2024 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு விதியும் வந்துவிட்டது. டெல்டா மண்ணில் புதிதாக எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாது என்று 2020-ல் சட்டம் போட வைத்தவர்கள் நாம். அதே மண்ணில் நாமே ஆயிலை ஊற்றலாமா?

மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்? தருமகுளத்தில் ஒரு டிரம், துறைமுகத்தில் படகுகளுக்கு ஒரு டிரம். ஊராட்சியும் மீன்வளத் துறையும் பேசி வைக்கட்டும். மாதம் ஒரு தடவை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரர் வந்து எடுத்துப் போகட்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் இது நடக்க வேண்டும்.