வெண்ணெய் உருண்டை கேக்!

தம்பி பர்த்டேக்கு சென்னையிலேர்ந்து கேக் வாங்கிட்டு வர்றேன்னு வாய் விட்டது நான்தாங்க. லேப் எக்ஸாம் முடிஞ்சு, ஈ.சி.ஆர். பஸ்ஸைப் பிடிச்சு மாமல்லபுரம் போய்ச் சேர்றப்ப ராத்திரி ஒன்பதரை. வாசல்லயே தங்கச்சி... ஆறாம் கிளாஸ், முகமெல்லாம் மைதா! 'நீ லேட்டாத்தான் வருவேனு தெரியும்'னு ஒரு லுக்கு விட்டா பாருங்க... அரியர் ரிசல்ட்டே தேவலை!

எங்க வீட்ல ஓவன் ஏது? குக்கர்தான். கேஸ்கட், வெயிட் ரெண்டையும் கழட்டி, அடியில உப்பு பரப்பி, மாவுப் பாத்திரத்தை இறக்கியிருக்கா. தயிரும் சோடா மாவும் சேர்ந்தா கார்பன் டை ஆக்ஸைடு வரும், மாவு உப்பும். கெமிஸ்ட்ரி ஓ.கே! பொறுமைதான் இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா மூடியைத் திறந்து பார்க்க, சூடு வெளிய போய், மாவு இறுகறதுக்குள்ள ஒரு பக்கம் அமுங்கிடுச்சு. மேல தடவின வெண்ணெய் க்ரீமோ ஏப்ரல் வெக்கையில வழியுது (35 டிகிரியிலயே வெண்ணெய் உருகிடும் பாஸ்!).

மேடம் அழலையே... ஓரத்தைக் கத்தியால செதுக்கி உருண்டையாக்கி, தட்டுல சாய்ச்சு நிறுத்தி, சுத்தி ஜெம்ஸ் ஒட்டி, ''இது நம்ம ஊர் வெண்ணெய் உருண்டைப் பாறைடா''ன்னுட்டா!

இருக்கறதை வெச்சு சமாளிக்கறது கேக்குக்குப் புதுசா என்ன? 1883-ல தலச்சேரி மம்பள்ளி பாபு, பிரெஞ்சு பிராந்திக்குப் பதிலா உள்ளூர்ச் சரக்கை ஊத்தித்தான் கிறிஸ்துமஸ் கேக் பண்ணினாராம்.

''உருண்டுடாம வெட்டணும்க்கா''னு தம்பி ஸ்கேலோட உட்கார்ந்துட்டான். எனக்குக் கடைசிப் பீஸ்... அதுவும் அமுங்கின பக்கத்துலேர்ந்து. நான் சுமந்துட்டுப் போன அரைக் கிலோ பிளாக் ஃபாரஸ்ட், மறுநாள் காலையிலதான் ஃப்ரிட்ஜை விட்டு வெளிய வந்துச்சு.