நம்ம தெருவுல என்ன இருக்கு?

"படம் புடிக்கிற அளவுக்கு நம்ம ஊர்ல என்னப்பா இருக்கு?"

திமிரி டீக்கடையிலும் ஆற்காடு பஸ்ஸிலும் நம் கல்லூரி கேன்டீனிலும் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்பவர்கள் கேமரா இல்லாதவர்கள் அல்லர். இன்று ஒவ்வொரு சட்டைப் பையிலும் ஒரு கேமரா இருக்கிறது. ஏலகிரிக்கோ ஊட்டிக்கோ போனால் ஒரே நாளில் நூறு படம் எடுக்கிறோம். ஊர் திரும்பியதும் அந்தக் கேமரா கண்ணை மூடிக்கொள்கிறது. மலையும் அருவியும் மட்டும்தான் அழகா? தினமும் நாம் நடக்கிற தெரு அழகில்லையா? அழகுதான் என்பது என் கட்சி!

முதல் சாட்சிக்குப் பாரிஸ் நகரம் வரை போக வேண்டும். 1838-ஆம் ஆண்டு லூயி தாகேர் என்பவர் ஒரு பெரிய வீதியை உயரத்திலிருந்து படம் எடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு படம் பதிவாகப் பல நிமிடங்கள் ஆகும். அதனால் ஓடிய குதிரை வண்டிகளும் நடந்து போன மனிதர்களும் தகட்டில் விழாமலேயே போய்விட்டார்கள். ஒரே இடத்தில் நின்ற ஒருவர் மட்டும் விழுந்தார். ஷூவுக்குப் பாலிஷ் போடக் காலைத் தூக்கி வைத்திருந்தவர்! புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர் என்று பொதுவாக அவரைத்தான் சொல்கிறார்கள். பாலிஷ் போட்டவரோ பக்கத்தில் மங்கலாகத் தெரிகிறார்.

நண்பர்களே, தோலும் ஷூவும் சோறு போடுகிற சீமைக்காரர்கள் நாம். அந்த மங்கல் உருவம் நம்ம ஆள் அல்லவா?

தோலுக்கும் புகைப்படத்துக்கும் உள்ள உறவு அத்தோடு முடியவில்லை. பிலிம் காலத்தில் ஒளி பட்டு மாறும் வெள்ளி உப்பைப் பிலிமின் மேல் தாங்கி நின்றது ஜெலட்டின். மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது அது. பழைய கேமராக்களின் துருத்தியும் உறையும் தோல். டேனரியில் தோலைப் பதப்படுத்தும் குரோமியம் அச்சுக்கூடத்திலும் வேலை செய்தது. பைகுரோமேட் கலந்த ஜெலட்டின் வெளிச்சம் பட்ட இடத்தில் இறுகிவிடும். அந்தக் குணத்தை வைத்துத்தான் படங்களை அச்சுக்கு ஏற்றினார்கள். தோல் இல்லாமல் படம் இல்லை என்றிருந்த காலம் ஒன்று உண்டு. ஆனால் தோல் வேலை செய்கிறவன் அந்தப் படங்களில் எத்தனை தடவை வந்தான்?

வந்தான், செத்த பிறகு! 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் டேனரிக் கழிவு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவில் சிக்கி மாண்டார்கள். அன்றைக்கு எல்லாக் கேமராக்களும் அங்கே ஓடின. அதற்கு முந்தின நாள் அவர்கள் டீ குடித்ததை, சிரித்ததை, சட்டை துவைத்துக் காயப்போட்டதை யார் எடுத்தார்கள்? ஒரு மனிதனைச் செய்தியாக மட்டும் பார்ப்பது பாதிப் பார்வை. சாதாரண நாளில் அவன் எப்படி இருந்தான் என்று பார்ப்பதில்தான் மரியாதை இருக்கிறது.

திமிரிக்குச் சரித்திரம் உண்டு. 1751-ல் ஆற்காட்டைப் பிடித்த கிளைவ் நம்ம ஊர்க் கோட்டை மேலும் படையெடுத்தான். கிளைவ் பெயர் ஏட்டில் இருக்கிறது. அன்று இந்தத் தெருவில் மோர் விற்றவள் முகம் எங்கே இருக்கிறது?

காலை ஆறரை மணிக்கு ஆரணி ரோட்டில் நின்று பாருங்கள். ஷூ கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கும் அக்காமார்கள், கையில் டிபன் பை, தலையில் நேற்று வாங்கிய மல்லி. வெயில் சாய்வாக விழுந்து புடவை நிறமெல்லாம் ஒரு படி கூடித் தெரியும். பாய்லர் ஆவிக்குப் பின்னால் டீ மாஸ்டர் முகம் வந்து வந்து மறையும். மரத்தடியில் செருப்புத் தைக்கும் தாத்தாவின் விரலையும் ஊசியையும் மட்டும் எடுத்துப் பாருங்கள். எந்த அருவி அதற்கு ஈடு?

உலகப் புகழ் பெற்ற ஹென்றி கார்த்தியே-பிரெஸோன் 1950-ல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரின் கடைசி நாட்களைப் படம் எடுத்தார். இங்கிருந்து ஆரணி, போளூர் வழியாகப் பஸ் ஏறினால் போய்விடலாம், அந்தத் திருவண்ணாமலைதான்! தெருவில் ஒரு கணம் கூடி வருவதற்காகக் காத்திருந்து எடுப்பதுதான் அவருடைய வித்தை. அவ்வளவு பின்னால்கூடப் போக வேண்டாம். மதுரைப் பக்கத்து எம். பழனிகுமார், மலக்குழித் தொழிலாளர்களையும் கடல்பாசி எடுக்கும் பெண்களையும் எடுத்தவர். மீன் விற்ற தன் தாயைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் எடுத்தவர். 2022-ல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக அவருக்குத்தான் கிடைத்தது.

"கஷ்டத்தைப் போய் அழகுன்னு காட்டலாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குரோம் ஏற்றிய ஈரத் தோலை அடுக்கி வைத்தால் இளநீல நிறத்தில் கண்ணைப் பறிக்கும். அதை மட்டும் காட்டி, அதைத் தூக்குகிறவனின் வெறுங்கையை வெட்டிவிட்டால் அது பொய்ப் படம். கையையும் சேர்த்துக் காட்டினால் அழகும் குறையாது, உண்மையும் போகாது. அதோடு, "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். எடுத்ததை அவருக்குக் காட்ட வேண்டும். ஒரு பிரதி போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.

மாணவ நண்பர்களே! ரோடு அகலமாகிறது, ஓட்டு வீடுகள் போகின்றன, மரத்தடிக் கடைகளும் போகின்றன. இந்த விடுமுறையில் ஆளுக்குப் பத்துப் படம், அவரவர் தெருவில். ஒவ்வொன்றின் பின்னும் ஊர், தேதி, சம்மதித்தால் பெயர். அடுத்த ஆண்டு மலரில் அவற்றுக்கென்று நான்கு பக்கம் ஒதுக்கும்படி நம் சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். தலைவர்கள் படத்துக்குப் பக்கத்தில் நம்ம டீ மாஸ்டரும் இருக்கட்டுமே!