மறு கைக்கும் வேலை கொடுங்கள்



ஓராண்டு நிறையுமுன்னரே உங்கள் குழந்தை எதையும் ஒரே கையால் மட்டும் எடுக்கின்றதா? மறு கை மூடியபடியே இருக்கின்றதா? அது இலேசான மூளை முடக்குவாதத்தின் அடையாளமாக இருக்கலாம். “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று காத்திராதீர்கள். திருவந்திபுரம் போன்ற சிற்றூர்களில் வாழ்வோர்க்குக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை அருகிலேயே உள்ளது; காலந்தாழ்த்தாது காட்டுங்கள்.

இது தொற்றுநோயன்று; எவருடைய பாவத்திற்கும் தண்டனையுமன்று. பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவமென வினவிய சீடருக்கு ஆண்டவர் அளித்த மறுப்பை நினைவிற் கொள்வோம்.

மூளையில் நேர்ந்த ஊறு வளர்வதில்லை; ஆனால் பயன்படுத்தாத கை நாளடைவில் இறுகிப்போகும். ஆகவே, இரக்கத்தால் எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாகாது. மருத்துவர் கூறும் பயிற்சிகளோடு, பந்தை இரு கைகளாலும் ஏந்தச் செய்யுங்கள். சற்று வளர்ந்தபின் உங்களருகில் அமர்ந்து மொச்சை உரிக்கட்டும். பொத்தானைத் தானே மாட்டட்டும். நேரமாகும், பொறுத்திருங்கள்.

மும்பையில் மித்து ஆலூர் அம்மையார், தம் மகள் மாலினி போன்ற பிள்ளைகளுக்கென 1972-இல் பள்ளியொன்றைத் தொடங்கினார். கடும் பாதிப்புற்ற அம்மகள், ஒரே விரலால் தட்டச்சு செய்தே இரு முதுகலைப் பட்டங்கள் பெற்றார். இலேசான குறையுடைய நம் பிள்ளையின் கைக்கு நாம் ஏன் வேலை மறுக்க வேண்டும்?