அடுக்களையும் விஞ்ஞானமும்

விஞ்ஞானம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கண்ணாடிக் குழாய்களும் விலையுயர்ந்த கருவிகளுமே பலர் மனத்தில் தோன்றுகின்றன. அவை இல்லாவிடத்துச் சிறு குழந்தைகளுக்கு விஞ்ஞானம் கற்பித்தல் இயலாதென்று பெற்றோரும் ஆசிரியர் சிலரும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறென்பதே நம் கருத்து. மாணாக்கர் பலர் அமிலம், காரம் ஆகியவற்றின் இலக்கணங்களை நெட்டுருச் செய்து பரீட்சையில் எழுதிவிடுகின்றனர். ஆயின், ஆலத்தி நீர் ஏன் சிவக்கின்றது என்று வினவினால் திகைக்கின்றனர். அடுக்களையிலிருந்து தொடங்காத கல்வியின் பயன் இதுவே.

மஞ்சள் கலந்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்ந்தவுடன் செந்நிறம் உண்டாகின்றது. அதில் எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்தால் சிவப்பு மறைந்து மஞ்சள் நிறம் மீள்கின்றது. மஞ்சளிலுள்ள நிறப்பொருள் காரத்தால் சிவக்கும். அமிலம் அக்காரத்தின் தன்மையைப் போக்கவே முந்தைய நிறத்தை அடையும்.

நிறம் மாறுவதைக் காட்டிக் குழந்தையைக் கைதட்டச் செய்தல் மட்டும் விஞ்ஞானமாகாது; அது வெறும் வித்தையே. "என்ன நிகழுமென்று நினைக்கிறாய்?" என்று முன்னரே கேட்டல் வேண்டும். பின்னர், மூன்று கிண்ணங்களில் செந்நீரை ஒரே அளவாக வார்த்து, ஒன்றில் எலுமிச்சைச் சாறு, மற்றொன்றில் உப்பு நீர், மூன்றாவதில் வெறும் நீர் என ஒரே அளவாகச் சேர்க்கச் சொல்லலாம். உப்பு நீர் சிவப்பை மாற்றாது. வெறும் நீர் எதற்கென்று குழந்தை கேட்கும். நிறம் வெளிறுவது நீர் மிகுந்ததாலா, சேர்த்த பொருளாலா என்று பகுத்தறிதற்கே அது வேண்டும். புளித்தண்ணீர் என் செய்யும் என்ற அடுத்த கேள்வி குழந்தையின் வாயிலிருந்தே பிறக்குமாயின், நம் முயற்சி பலித்ததெனலாம். சுண்ணாம்பு கண்ணிற்குத் தீங்கு செய்யுமாதலால், அதனைப் பெரியோரே எடுத்து இடுதல் வேண்டும்.

இவையெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு என்பாரும் உளர். தட்டிலுள்ள நீரின்மேல் மிளகுப்பொடியைத் தூவி, சோப்புத் தோய்ந்த விரலால் நடுவே தொட்டால், பொடி விளிம்பை நோக்கி விரைந்தோடும். நீரின் மேற்பரப்பிலுள்ள இழுவிசை சோப்புப் பட்ட இடத்தில் குறைவதே காரணம். இத்தகைய நிகழ்ச்சிகளையே ஜெர்மனியில் பிரன்ஸ்விக் நகரத்து ஆக்னஸ் பாக்கெல்ஸ் அம்மையார் (1862-1935) தம் வீட்டில் ஆராய்ந்தார். பல்கலைக்கழகம் புக வாய்ப்பில்லாத அவர், இல்லப் பணிகளுக்கிடையே, எளிய தகரத் தொட்டியொன்றைக் கொண்டு நீர்ப்பரப்பின் இயல்புகளை அளந்தார். அவர் 1891-ஆம் ஆண்டில் ராலே பிரபுவுக்கு எழுதிய கடிதம் அவ்வாண்டிலேயே 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவந்து அறிஞருலகின் கவனத்தைப் பெற்றது. அவரைப் பிறரினின்று வேறுபடுத்தியது கருவியன்று. கண்டதை அளந்து, மீண்டும் செய்து பார்த்த பொறுமையே.

ஆதலின், விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணாக்கர், தம் தம்பி தங்கையர் இருபாலாரையும் அடுக்களைக்கு அழைத்துச் செல்வாராக. விடையைக் கூற விரையாது, அவர்தம் வினாவிற்குச் செவிசாய்ப்பாராக. கற்ற கல்வி பிறர்க்குப் பயன்படும் வழிகளுள் இதனினும் எளியது வேறில்லை.