சைக்கிளுக்கு மோட்டார் கிட் வாங்கப் போறீங்களா?

பழவேற்காடு கோட்டைக்குப்பம் மாதிரி ஏரிக்கரை ஊர்கள்ல மீன் பெட்டி கட்டுன சைக்கிளுக்கு எலெக்ட்ரிக் கிட் போடலாமான்னு யோசிக்கிறீங்களா? தாராளமா போடுங்க. முழங்கால் தேய்ஞ்சவங்களுக்கு எதிர்க்காத்துல அது பெரிய உதவி.

ஆனா எல்லாரும் கேட்கிறது, "எத்தனை வாட்?" டாக்டரா நான் கேட்கிறது, "பேட்டரியை எங்க வச்சு சார்ஜ் போடுவீங்க?"

2022 மார்ச்சில் வேலூரில், இரவு சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு அப்பாவும் மகளும் இறந்தார்கள். புகையில் மூச்சுத்திணறி. தூங்குறவங்களைப் புகை எழுப்பாது, இன்னும் மயக்கத்தான் செய்யும். அதனால முழிச்சிருக்கும்போது, ஓலை படாத, வாசலை மறிக்காத இடத்துல சார்ஜ் போடுங்க.

மேடே இல்லாத ஊருக்கு 250 வாட் போதும். வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டாட்டி பதிவும் வேண்டாம். மிச்சக் காசை பேட்டரியில போடுங்க: லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ரகம், பி.எம்.எஸ். இருக்கிறது. மத்த லித்தியத்தைவிட இது சூட்டைத் தாங்கும்.

"வாட்டர்ப்ரூஃப்"னு எழுதியிருக்கிறது மழைக்குத்தாங்க, உப்புக்காத்துக்கு இல்ல. கனெக்டர்ல பச்சை பூத்தா அங்க சூடேறும். அடிக்கடி கழட்டிப் பாருங்க.

முன்சக்கர மோட்டார்னா இரும்பு ஃபோர்க், அச்சு சுத்தாம பிடிக்கிற டார்க் ஆர்ம், ரெண்டும் கட்டாயம். அச்சு கழண்டா சக்கரம் தனியா ஓடும், தாடை ரோட்ல அடிக்கும். பிரேக் பிடிச்சதும் மோட்டாரை நிறுத்துற லீவர் கிட்டோட வரலைன்னா வாங்காதீங்க. மீன் பாரத்தோட மோட்டாரும் தள்ளுனா பழைய கட்டை பிரேக் தாங்காது.